நடுக்கடலில் கிடைத்த இன்சுலின்

என்னோடு ஜெபத்தில் நிற்கிற சகோதர சகோதரிகளே, எஸ்தர் என்கிற நான் கப்பலில் போனபோது எனக்கு நடந்ததை உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் அடிபட்டது என்று தந்தி வந்த அன்று, நான் ஊசி போட்டுக்கொள்ளவே மறந்துவிட்டேன். பதினெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, இன்சுலினை ஏற்றித் தொடையில் குத்திக்கொண்டால்தான் எனக்கு அந்த நாள் உண்டு. அப்படிப்பட்டவள் மறந்துவிட்டேன் என்றால் என் மனசு எங்கே இருந்தது என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம், தீபாவளி முடிந்த சமயம் அது. நாங்கள் வேப்பம்பட்டுக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டும் அறுப்பு அறுத்தும் எங்களை வளர்த்தார்கள். தாத்தா காலத்திலேயே ஆண்டவரை ஏற்றுக்கொண்ட குடும்பம். ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று எல்லாரும் கைவிட்டபோது, காக்களூர் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த தாவீது தானே வந்து கேட்டுக் கட்டிக்கொண்டார். பிறகு போர்ட் பிளேரில் படகு பழுது பார்க்கிற பட்டறையில் நல்ல வேலை என்று சொல்லிக் கப்பலேறினார். என்னைக் கூட்டிப்போகவில்லை. அங்கே மருந்து சரியாகக் கிடைக்காது என்று பயந்தார்.

சாரம் சரிந்து விழுந்து இடுப்பும் காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், யாராவது வரவும் என்று தந்தியில் இருந்தது. அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. நான் போகிறேன் என்றேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"கால் ஒடிஞ்சவன பாக்க அங்க ஆஸ்பத்திரி கீது. நீ நடுக்கடல்ல மயங்கி வுயுந்தா உன்ன யாருடி பாப்பாங்க? அந்த மருந்து ஒரு நாள் வெய்யில்ல இருந்தாலே கெட்டுப்பூடும்னு நீயே சொல்லிகினு இருப்பியே" என்று அழுதாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் மருந்து பாட்டில். தினம் இரண்டு வேளை மணலுக்குத் தண்ணீர் தெளிப்பேன். என் உயிர் அந்தப் பானைக்குள்தான் இருந்தது.

திருவள்ளூரில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. எதிரில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இன்சுலினுக்கு இரண்டு விரோதி உண்டு. சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழக்கும். உறைந்து போனாலோ அந்த நிமிஷமே செத்துவிடும், திரும்ப உருக்கினாலும் பிரயோஜனமில்லை. ஆகையால் இன்ஜின் பக்கத்திலும் வைக்காதே, ஐஸ்கட்டியின் மேலும் வைக்காதே என்றார். அங்கே போய் மருந்து கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று, மூன்று மாதத்துக்கு வேண்டியதை அவரே சொல்லி வாங்கிக் கொடுத்தார். அதைக் கப்பல் டாக்டரிடம் ஒப்படைக்கச் சொன்னார். உபயோகத்தில் இருக்கிற பாட்டிலை மட்டும் என்னோடு பானையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சபையார் கூடி எனக்காக ஜெபித்து அனுப்பினார்கள். அம்மா துறைமுகம் வரைக்கும் வந்தாள். கப்பலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை நின்றுபோனது. அவ்வளவு பெரிய பொருளை நாங்கள் இரண்டு பேருமே அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனை அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம் போல இருந்தது.

எனக்குக் கிடைத்தது அடித்தட்டில் ஒரு இரும்புக் கட்டில். கட்டிலுக்கு மேல் கட்டில், சுற்றிலும் டிரங்குப் பெட்டிகள், எண்ணெய் வாடை. இன்ஜின் ஓடுகிற அதிர்வு பாதத்தில் தெரிந்தது. சூடு தாங்கவில்லை. கப்பல் டாக்டர் ஒரு மலையாளி, தமிழ் நன்றாகவே பேசினார். தன்னுடைய அறை ஐஸ்பெட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லி, என் மருந்துப் பெட்டியைச் சமையல்கட்டைச் சேர்ந்த குளிர் அறைக்கு அனுப்பினார். அது காய்கறி வைக்கிற அறை, உறைகிற குளிர் இருக்காது என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார். என் பானையை நான் கட்டில் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. மேல்தட்டுக்கு ஏறிப்போய்க் கடலைப் பார்த்தேன். கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை. வானம் கவிழ்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவையும் உண்டாக்கினவருக்கு ஒரு கட்டில் காலோடு கட்டியிருக்கிற மண்பானை தெரியுமா என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. சந்தேகத்தில் கேட்கவில்லை. பிரமிப்பில்தான் கேட்டேன்.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை. காய்கறி அறையின் குளிர் இயந்திரம் நின்றுவிட்டதால், அங்கே இருந்ததையெல்லாம் ஆட்கள் மாமிச அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். என் பெட்டியும் அதோடு போய்விட்டது. டாக்டருக்கு விஷயம் தெரியவந்தபோது எல்லா பாட்டிலும் கல்லாகிப் போயிருந்தது. அவர் ஒன்றைக் கையில் வைத்துச் சூடேற்றி எனக்குக் காட்டினார். பால் போல இருக்கவேண்டிய மருந்து, திரிந்த பால் மாதிரி துண்டு துண்டாக மிதந்தது.

"இதை நீ போட்டுக்கொள்ளக் கூடாது. உன்னிடம் வேறே இருக்கிறதா?" என்று கேட்டார்.

பானையில் ஒன்று இருக்கிறது என்றேன். அதுபோதும், கரை சேர்ந்து சமாளிக்கலாம் என்று அவருக்கும் மூச்சு வந்தது. நான் கீழே வந்து மணலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். இது ஒன்றையாவது காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்தே காற்று மாறியது. கடல் கொதித்தது. கட்டிலில் படுத்திருந்தவர்களெல்லாம் ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் உருண்டார்கள். எங்கே பார்த்தாலும் வாந்தி, குழந்தைகள் அழுகை. விடிகிற நேரத்தில் கப்பல் ஒரே ஆட்டமாக ஆடியபோது, மேலே அடுக்கியிருந்த டிரங்குப் பெட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து என் பானை மேல் விழுந்தது.

பானை நொறுங்கியது. மணல் சிதறியது. தகர டப்பா நசுங்கிப் போயிருந்தது. திறந்தேன். பாட்டிலைச் சுற்றியிருந்த துணி முழுக்க மருந்து. கண்ணாடிச் சில்லு கையைக் கிழித்தது. அந்தத் துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டாவது வராதா என்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நக்கக்கூடப் போனேன். வாய் வழியாகப் போனால் அது வேலை செய்யாது என்று தெரியும். தெரிந்தும் போனேன்.

டாக்டர் தன் மருந்து அலமாரி முழுக்கத் தேடினார். இன்சுலின் இல்லை. கரைக்குக் கம்பியில்லாத் தந்தி கொடுத்தார். ஆனால் கடல் இருக்கிற இருப்பில் கப்பல் மெதுவாகத்தான் போகும், சொன்ன நாளில் சேராது என்று தெரிந்துவிட்டது. பிரயாணிகள் யாரிடமாவது இருக்கிறதா என்று சிப்பந்திகளை விட்டு ஒவ்வொரு தட்டாகக் கேட்கச் சொன்னார். அவர்கள் போய்விட்டு வந்து கையை விரித்தார்கள். சோறு தின்னாதே, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இரு என்றார் அவர். அவருடைய பேச்சில் இருந்த அன்பைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்று முழுக்கத் தாகம். எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார் டாக்டர். செங்கல் நிறமாக மாறியது, சர்க்கரை உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கே என் மூச்சில் அழுகின பழ வாசனை தெரிந்தது. பதினெட்டு வயதில் இதே வாசனையோடுதான் நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். மறுபடி அந்த இடத்துக்கே போகிறேன் என்று புரிந்தது.

அங்கே அவர் படுத்துக்கிடக்கிறார். இங்கே நான் செத்தால் கடலில்தான் போடுவார்கள். அவருக்கு என் முகம்கூடக் கிடைக்காது. இதை நினைத்துத்தான் அழுதேன். சாவதற்குப் பயந்து அல்ல.

அடுத்த நாள் விடியும்போது கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. கீழே காற்றில்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில் பெண் ஒருத்தி கைத்தாங்கலாக என்னை மேல்தட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுத் தன் குழந்தையிடம் போனாள். கையில் அந்த நசுங்கின டப்பாவை ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. தூக்கியெறிய மனசு வரவில்லை.

கிழக்கே கடலுக்குள்ளிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் டப்பாவைத் திறந்து, மருந்து ஊறின துணியோடு மடியில் வைத்தேன். வாயில் ஜெபம் வரவில்லை. பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அப்பா, இதோ இருக்கு பாரு. இவ்ளோதான் எங்கிட்ட மிச்சம்" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

என்னிடமிருந்து சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் நாமம், மார்பில் பூணூல். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சூரியனுக்குத் தண்ணீர் விட்டார். அவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

காற்று என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் வீசியது. இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன். அது திசை மாறி வீசியிருந்தால் நான் இன்று உங்கள் முன் இல்லை.

"யாரும்மா அங்கே? இந்த வாசனை எங்கேர்ந்து வரது?" என்று அவர் கேட்டார்.

இன்சுலினுக்கென்று ஒரு வாசனை உண்டு. கார்போலிக் சோப்பு மாதிரி, ஆனால் அதுவும் இல்லை. ஒருமுறை பழகினவர்களுக்கு மறக்காது. அருவருப்பாக இருக்கிறதோ என்று நினைத்து நான் மூடியைத் தேடினேன்.

"மருந்து டப்பா சாமி. உடஞ்சிபோச்சி. இதோ மூடிட்றேன்."

"மூடாதே. இது இன்சுலின் வாசனையில்லையோ?"

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் கண் என் மேல் இல்லை. பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்குப் பார்வை சரியில்லை என்று தெரிந்தது. தடவித் தடவி என் குரல் வந்த இடத்துக்கு வந்தார். எனக்கும் சர்க்கரையா என்று கேட்டார். ஆமாம் என்றேன், நடந்ததைச் சொன்னேன்.

அவர் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார்.

"நானும் தினம் குத்திக்கறவன்தான். கப்பல் ஆட ஆரம்பிச்சதுலேர்ந்து குத்திக்கலை. ஆத்துக்காரிதான் குத்திவிடுவா. அவளால தலையைத் தூக்க முடியலை. எனக்கு ஊசியில கோடு தெரியாது. ஒரு கையைக் குடுன்னு பெருமாளைத்தான் இப்போ கேட்டுண்டிருந்தேன்."

நான் அவர் பக்கமாக நகர்ந்தேன். "சாமி, உங்ககிட்ட மருந்து கீதா?"

"இருக்கே. கூஜா நெறைய இருக்கே" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அழவில்லை. சிரிக்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதிரே சூரியன் முழுசாக எழும்பிவிட்டது, கடல் முழுக்கப் பொன்னாகக் கிடந்தது. இவ்வளவு பெரிய கடலில், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், என்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது கையால் தொட்ட மாதிரி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவைத்தேன். ஏன் கழற்றினேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் பெயர் வரதாச்சாரியார். திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பம். எங்கள் ஊரிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளித்தான் அவர் வீடு. மகன் போர்ட் பிளேரில் சர்க்கார் உத்தியோகம், மருமகளுக்குப் பிரசவ நேரம், அதற்காகத்தான் இந்த வயதில் கடல் தாண்டப் புறப்பட்டிருக்கிறார்கள். நேற்றைக்கு ஒரு சிப்பந்தி கதவைத் தட்டி ஹிந்தியில் ஏதோ கேட்டானாம். அவருக்கு ஹிந்தி தெரியாது. சாப்பாடு வேண்டுமா என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று வேண்டாம் என்று கையசைத்து அனுப்பிவிட்டாராம். டாக்டரிடம் போயிருக்கலாமே என்றேன். பார்வையில்லாமல் இந்த ஆட்டத்தில் படி இறங்கப் பயம் என்றார். இவரைத்தான் நேற்று முழுக்க எனக்காகத் தேடியிருக்கிறார்கள்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும், என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் அறைக்குப் போனோம். யார் யாரை நடத்திப் போனோம் என்று சொல்ல முடியாது. வழியில் ஒரு சிப்பந்தியைப் பார்த்து டாக்டரை அழைத்துவரச் சொன்னேன்.

அறைக்குள் கோமளம் மாமி துவண்டு படுத்திருந்தார். கண்ணைத் திறந்து, யார் அது என்று தீனமாகக் கேட்டார்.

"நம்மூர்ப் பொண்ணு. மருந்து போட வந்திருக்கா" என்றார் அவர்.

வட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து ஒரு உறி தொங்கியது. அதில் ஈரத்துணி சுற்றின மண் கூஜா. கப்பல் சாய்ந்தபோதெல்லாம் அது காற்றில் ஊஞ்சல் ஆடியது, எதன்மேலும் இடிக்கவில்லை. ஊரில் வெண்ணெய் தொங்கவிடுகிற மாதிரி மாமிதான் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். மருந்தைக் கப்பலின் குளிர் அறையில் வைக்கும்படி இவர்களுக்கும் ஊரிலேயே அவர்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமிசம் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்க மாமி சம்மதிக்கவில்லை. ஜன்னல் காற்று ஈரத்துணியில் பட்டுப் பட்டுக் கூஜா கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. வெள்ளை வெளேரென்று, ஒன்றும் திரியாமல்.

டாக்டர் ஓடி வந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, அவசரப்படாதே என்றார். நான் போட்டுக்கொள்வது நாற்பது வலு மருந்து. அவருடையது எண்பது. அதே பால் மருந்துதான், ஆனால் இரண்டு மடங்கு வலு. தெரியாமல் என் அளவுக்கு ஏற்றியிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி அதுவே என்னைக் கொன்றிருக்கும். அரை மில்லி போடுகிற நீ இதில் கால் மில்லி போட்டால்தான் அதே அளவு, இன்றைக்கு மட்டும் அதற்குமேல் கொஞ்சம் நான் சொல்கிறேன் என்றார். என் கண்ணாடி ஊசி அதன் பெட்டியில் பத்திரமாக இருந்தது. இரண்டு பேர் ஊசியையும் கொதிக்கவைத்தோம்.

டாக்டர் முதலில் எனக்குத்தான் போடவேண்டும் என்றார். போட்டார். பிறகு பெரியவருக்குப் போடப்போனபோது, கீழ்த்தட்டில் யாருக்கோ பெட்டி விழுந்து தலை உடைந்துவிட்டது என்று ஆள் வந்தது. அளவை ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஓடினார்.

ஊசியோடு நான் நின்றேன். எங்கள் ஜனம் அவர்கள் தெருவுக்குள் போனதில்லை. வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டபோது நான் யார் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் யோசிக்கத் தெம்பில்லை. இப்போது அவருடைய கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளி நான் குத்தவேண்டும். மாமி படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நாங்க வேதக்காரங்க. சேரியிலேர்ந்து வந்தவங்க. நான் தொட்டுத்தான் குத்தணும்" என்றேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இந்த மருந்து மாட்டோட வயித்துலேர்ந்து எடுக்கறதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் கொழந்தை மாதிரி அழுதேன். அதுக்கப்புறமும் குத்திண்டுதான் இருக்கேன். நான் இருக்கணும்னு அவன் நெனச்சிருக்கான், நான் என்ன பண்ணட்டும்? நீ குத்தும்மா."

அந்தப் பேச்சில், என் தீண்டலையும் மாட்டு மருந்தையும் ஒன்றாக வைத்ததில், எனக்கு வலித்த இடமும் இருந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் அவர் பேசும்போதே மேல்துண்டை விலக்கிக் கையை நீட்டிவிட்டார். வயசான கை, தளர்ந்த தோல், எனக்கு இருக்கிற மாதிரியே குத்திக் குத்தித் தடித்த இடங்கள். அந்தத் தடிப்பைத் தொட்டபோது என் பயம் போய்விட்டது. குத்தினேன். வலிக்கவே இல்லையே, ஆத்துக்காரி குத்தினால் உயிர் போகும் என்றார் அவர். அவ்வளவு நோவிலும் மாமி சிரித்துவிட்டார்.

டாக்டர் எனக்கு உப்புத் தண்ணீர் ஏற்றினார். அன்று பொழுது சாய்வதற்குள் தாகம் அடங்கியது. நீல மருந்து செங்கல் நிறத்திலிருந்து பச்சைக்கு வந்தது. பழ வாசனை போய்விட்டது. டாக்டர் அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே, எனக்கு ஜெபத்தில் எல்லாம் பழக்கமில்லை, ஆனால் இதை நான் என் வீட்டில் போய்ச் சொல்வேன் என்றார்.

கரை சேரும்வரை காலையில் அவர் மருந்தில் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவர் தன் பெருமாளுக்கு நன்றி சொன்னார். நான் என் இயேசுவுக்கு நன்றி சொன்னேன். ஒருவர் சொல்லும்போது மற்றவர் பேசாமல் இருந்தோம்.

போர்ட் பிளேரில் அவருடைய மகன் துறைக்கு வந்திருந்தார். கூஜாவில் இருந்ததில் பாதியை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பெரியவர் வண்டியில் ஏறினார். நான் மறுத்தேன். இங்கே மகன் இருக்கிறான், எனக்கு வரவழைத்துத் தருவான், உனக்கு யார் இருக்கிறார்கள் என்றார். அந்த மகனே ஆஸ்பத்திரியில் சொல்லி, கல்கத்தாவிலிருந்து விமானத்தில் எனக்கும் சேர்த்து மருந்து வரும்படி ஏற்பாடு செய்தார். இரண்டு வருஷம் நான் அங்கே இருந்தேன். ஒரு நாளும் ஊசி தவறவில்லை.

என் வீட்டுக்காரர் இடுப்பு முதல் கால் வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"மருந்து? மருந்துக்கு இன்னா பண்ணே?" என்று கேட்டார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை பொழுது போனதே தெரியவில்லை.

அவர் எழுந்து நடந்தார். ஒரு கால் சற்று குட்டைதான். ஊருக்குத் திரும்பி வந்தபின், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிற உட்கார்ந்த வேலை கிடைத்தது. அதையும் ஆண்டவர்தான் கொடுத்தார்.

நாங்கள் திரும்பின கொஞ்ச காலத்தில் பெரியவரும் மாமியும் திருவள்ளூருக்கே வந்துவிட்டார்கள். அவருக்குப் பார்வை முழுசாகப் போயிருந்தது. மாமிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்டு ஒரு காலையில் முதல் ரயிலில் போனேன். கோயில் தெருவில் நுழையும்போது பார்த்தவர்கள் பார்த்தார்கள். வாசலில் நின்று, நான் எஸ்தர் வந்திருக்கிறேன் என்று குரல் கொடுத்தேன்.

மாமி வந்தார். கொல்லைப்பக்கம் வரச் சொல்வார் என்று நான் ஒதுங்கத் தயாராக நின்றேன். மாமி தெருவை ஒருதரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தார்.

"உள்ள வாடி. அவர் உன் காலடிச் சத்தம் கேட்டே கையை நீட்டிண்டு ஒக்காந்திருக்கார்" என்றார்.

அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் நான் தினம் போனேன். மழையோ வெயிலோ, முதல் ரயில், ஒரு ஊசி, அடுத்த ரயிலில் திரும்புதல். என் சபையிலும் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் தெருவிலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "நீ போய்கினே இரு" என்றார்.

அந்தக் கப்பலுக்கு முன்னால் நான் ஜெபிக்கும்போது எனக்காகத்தான் ஜெபிப்பேன். இப்போது, நான் கேட்கிற அதே நேரத்தில் வேறு யார் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களுக்கு என் கையைக் கொடும் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். என்னிடம் எப்போதும் ஒரு பாட்டில் அதிகமாக இருக்கும். சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் திடீரென்று தீர்ந்துபோனாலும் வாங்கிப்போவார்கள். கப்பலிலோ ரயிலிலோ தூரம் போகிறவர்கள் என்னிடம் வந்தால், மருந்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், கட்டிவைக்காமல் காற்றில் தொங்கவிடுங்கள், பனிக்கட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள், சீட்டில் எத்தனை வலு என்று படித்துவிட்டு ஊசியில் ஏற்றுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சொல்லிவிட்டு அவர்கள் கையைப் பிடித்து ஜெபிக்கவும் செய்கிறேன். இரண்டும் வேண்டும்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இன்றைக்கு வழி அடைத்துக்கொண்டது என்று உட்கார்ந்திருக்கலாம். வைத்திருந்ததெல்லாம் உறைந்தோ உடைந்தோ போயிருக்கலாம். அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று கலங்காதீர்கள். மிச்சம் இருப்பதைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள். அவர் கேட்கிறார். பதில் எந்த வாசலில் இருந்து வரும், யார் கையில் வரும் என்பதை மட்டும் நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். அதை அவரிடம் விட்டுவிடுங்கள். அந்த வெளிச்சத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கண்டவர் உங்களையும் காண்கிறார். அவருக்கே எல்லா மகிமையும்.